மலை ஏறும் வண்டியும் நாம் ஏற்றும் பாரமும்

நமது இதழில் வரி, உரிமம், எடை முத்திரை, கடன் வசூல் என்று எத்தனையோ கட்டுரைகள் வந்திருக்கின்றன. படித்துப் பயன் அடைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் நம் சரக்கைச் சுமந்து செல்கிற வண்டியைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அது டிரைவர் சமாச்சாரம், மெக்கானிக் சமாச்சாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று 38,000 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு பையனின் கையும் வெந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மேட்டுப்பாளையத்தில் 40 ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் இங்கிருந்து நீலகிரிக்கு மேலே போகும். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் மேலே இருந்து இங்குள்ள மண்டிகளுக்கு வரும். ஆகவே மலைப்பாதை எங்களுக்குப் பெரிய பாட்டன் வீட்டுக்குப் போகும் வழி மாதிரி. பழகிய பாதை என்பதாலேயே அதன் மீது பயமும் மரியாதையும் குறைந்துவிட்டன என்று இப்போது தோன்றுகிறது.

2013 மே மாதத்தில் நடந்தது

அன்றைக்கு என்னிடம் இருந்தது, எல்லோரும் குட்டி யானை என்று அழைக்கும் சின்ன வண்டி. அதன் ஆர்.சி. புத்தகப்படி சுமையோடு மொத்த எடை 1,550 கிலோ. காலி வண்டி ஏறக்குறைய 800 கிலோ. மிச்சம் 750 கிலோதான் ஏற்றலாம். அந்த 750-க்குள்தான் டிரைவரும் லோடுமேனும் அடக்கம். இந்தக் கணக்கை நான் வண்டி வாங்கி மூன்று வருடம் ஆகியும் போட்டுப் பார்த்ததே இல்லை. தொட்டியில் இடம் இருக்கிறதா, கயிறு கட்ட முடிகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்.

சீசன் நேரம். குன்னூர்க் கடைக்காரருக்கு அவசரம். 25 கிலோ அரிசிப் பை 40, ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை 4, பருப்பு மூட்டை 2, பதினைந்து கிலோ எண்ணெய் டின் 10. கூட்டிப் பாருங்கள், 1,450 கிலோ. டிரைவர் பையனுக்கு அப்போது 23 வயது இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து பின் டயரைப் பார்த்தான்.

"லோடு ஜாஸ்தியா இருக்குதுங்கண்ணா. பாதிய எறக்கி வெச்சுட்டு இன்னொரு நடை போயிட்டு வந்தர்றனுங்க" என்றான்.

"ஒண்ணும் ஆகாது கண்ணு. மெதுவா ஓட்டிட்டுப் போ. குன்னூர்க்காரரு காலைலருந்து மூணு போன் போட்டுட்டாரு" என்றேன்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. சம்பளம் கொடுக்கிறவன் சொன்னால் சின்னப் பையன் என்ன செய்வான்?

கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. பர்லியாறுக்கு மேலே ஒரு வளைவில் சுற்றுலா வண்டிகள் நெருக்கியடித்து நின்றிருக்கின்றன. நகர்வதும் நிற்பதுமாக அரை மணி நேரம். சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினான். முன்பக்கம் ஆவி. எனக்குப் போன் செய்தான். "தண்ணி ஊத்திட்டு ஏத்து" என்று நான்தான் சொன்னேன். அவனும் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். கொதிநீர் பீச்சியடித்து, வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். லோடுமேனோடு அவனை ஒரு காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, என்னிடமிருந்த இன்னொரு பழைய வேனைக் கயிற்றோடு மேலே அனுப்பினேன். சரக்கை இறக்காமலே, கயிறு கட்டிக் குன்னூர் வரை இழுத்துவிடலாம் என்று என் யோசனை. இரண்டு வளைவு கூட ஏறவில்லை, அந்த வேனின் கிளட்ச் கருகிப் புகை வந்துவிட்டது. ஒரு வண்டி கெட்டுப் போன இடத்தில் இரண்டு வண்டி நின்றது. பின்னால் ஊட்டி பஸ்கள் வரிசையாக ஹாரன் அடித்தன.

கணக்குப் பார்ப்போம்

நாம் வியாபாரிகள். எதையும் கணக்கில் பார்த்தால்தான் மனதில் பதியும். என் பேரேட்டில் உள்ளபடி எழுதுகிறேன்.

முதல் வண்டிக்கு ஹெட் கேஸ்கெட், ஹெட் ஃபேஸிங், கூலி எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய். வேனுக்குக் கிளட்ச் செட் 8,000. இரண்டையும் கீழே கொண்டுவர ரெக்கவரி வண்டிக்கு 6,000. சரக்கை மாற்றி ஏற்றி அனுப்ப 3,500. பையனின் வைத்தியச் செலவு 4,000. மொத்தம் 38,000 ரூபாய். இதில் இரண்டு வண்டியும் ஒன்பது நாள் நின்ற நஷ்டம் சேரவில்லை. குன்னூர்க்காரர் அடுத்த மாதமே வேறு இடத்தில் சரக்கு எடுக்க ஆரம்பித்ததும் சேரவில்லை.

நான் மிச்சம் பிடிக்க நினைத்தது என்ன? ஒரு நடை. அன்றைய டீசல், பேட்டா, லோடு கூலி எல்லாம் சேர்த்தாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. பேராசை பெருநஷ்டம் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பையனின் கையில் தழும்பு இன்றும் இருக்கிறது. அதை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சூடு எங்கிருந்து வருகிறது?

அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டேன். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். எனக்குப் புரிந்தது உங்கள் எல்லோருக்கும் புரியும்.

எஞ்சினில் எரிகிற டீசலின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ஓட்டத்துக்கு. ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியே போகிறது. இன்னொரு பங்கு சூடாக எஞ்சினிலேயே தங்குகிறது. அதைத்தான் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. பாரம் ஏற ஏற டீசல் அதிகம் எரியும். டீசல் அதிகம் எரிந்தால் அந்தச் சூட்டுப் பங்கும் கூடும். என் வண்டி 1,550 கிலோவைத் தூக்குவதற்கு ஆனது. அன்றைக்கு ஆட்களையும் சேர்த்து ஏறக்குறைய 2,380 கிலோவைத் தூக்கியது. ஒன்றரை மடங்கு வேலை.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரம். குன்னூர் ஏறக்குறைய 1,800 மீட்டர். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்று ரேடியேட்டரில் தானாகவே வீசும். மலையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் வண்டி பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. எஞ்சின் உச்சத்தில் சுற்றுகிறது, எதிர்க்காற்று இல்லை, விசிறி மட்டும்தான் துணை. வேலை அதிகம், விசிறிவிட ஆள் குறைவு.

நம் கிடங்கில் மூட்டை தூக்குகிறவரைப் பாருங்கள். சமதரையில் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு சுலபமாக நடப்பார். அதையே மாடிக்கு ஏற்றச் சொன்னால் நடுப்படியில் நின்று மூச்சு வாங்குவார். இரண்டு மூட்டையைத் தலையில் வைத்து, நிற்காமல் ஏறு என்று சொல்வோமா? மனிதரிடம் சொல்லக் கூசுகிறதை வண்டியிடம் தினமும் சொல்கிறோம்.

பாரம் தொட்டியில் இருந்தாலும், பின்னால் டிரெயிலரில் இருந்தாலும், கயிற்றில் கட்டிய பழுது வண்டியாக இருந்தாலும் எஞ்சினுக்கு எல்லாம் இழுவைதான். ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுக்கும்போது அந்த வண்டியின் எடை முழுவதும் அதற்கு ஓவர்லோடு.

மூடியும் குக்கரும்

ரேடியேட்டர் மூடியை நாம் வெறும் மூடி என்று நினைக்கிறோம். அது குக்கரின் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போனாலும் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது அதைத் திறப்பது, விசில் அடங்காத குக்கரை நெம்பித் திறப்பதற்குச் சமம். அழுத்தம் போன அந்த நொடியில் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்து மேலே பாயும். என் டிரைவருக்கு நடந்தது இதுதான்.

மலை மேல் இன்னொரு விஷயம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அங்கே நேரம் அதிகம் ஆகும் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். ஆகவே மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்து அழுத்தம் பிடிக்காத வண்டி, கீழே நன்றாக ஓடினாலும் மேலே போய்க் கொதிக்கும். சில நூறு ரூபாய் மூடி. அதை மாற்றாமல் எஞ்சினைப் பலி கொடுக்கிறோம்.

கூலன்ட் ஊற்றுவதையும் பலர் வீண் செலவு என்கிறார்கள். வெறும் போர் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர் அண்டாவில் படியும் வெள்ளை உப்பு மாதிரி உள்ளே படியும். குழாய் அடைபடும், சூடு இறங்காது. கூலன்ட் கொதிநிலையையும் கூட்டுகிறது, துருவையும் தடுக்கிறது. வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவில், டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்ற வேண்டும். கலந்தே விற்பதும் கிடைக்கிறது, அதில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது.

கிளட்சும் கியர் பெட்டியும்

எஞ்சின் சூடானால் முள் காட்டும். கிளட்ச் சூடானால் காட்ட முள் கிடையாது. மூக்குக்குத்தான் தெரியும், அது தெரியும்போது பாதி போயிருக்கும். ஏற்றத்தில் வண்டியை ஹாஃப் கிளட்சில் நிறுத்திப் பிடிப்பது, வளைவுக்கு உள்ளே போன பிறகு கியர் மாற்றத் திணறுவது, அதிகப் பாரத்தோடு மேட்டில் கிளப்புவது, இந்த மூன்றும்தான் கிளட்ச் பிளேட்டைத் தின்கின்றன. நிற்க வேண்டுமானால் ஹேண்ட் பிரேக் போட வேண்டும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். கியர் ஆயில் அளவு குறைந்து ஓடினால் பெட்டியும் சூடாகிப் பல் தேயும்.

இப்போது நம்மில் பலர் வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கிறோம். கடை வண்டி நின்றுவிட்டால் அந்தக் காரில் கயிறு கட்டி இழுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சாதாரண ஆட்டோமேட்டிக் பெட்டியில் ஆயில்தான் சக்தியைக் கடத்துகிறது. அதிகச் சுமையை இழுத்தால் அந்த ஆயிலே கொதித்துக் கெட்டுவிடும். அந்தக் காரே பழுதாகி நின்றாலும், எஞ்சினை அணைத்துவிட்டு இயங்கு சக்கரங்கள் தரையில் உருள இழுத்துக்கொண்டு போகக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஆயில் பம்ப்பும் ஓடாது, பெட்டி வறண்டு தேயும். சக்கரத்தைத் தூக்கியோ, மேடை வண்டியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியும் ஒரே மாதிரி அல்ல என்பதால், வண்டிப் புத்தகத்தில் இழுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்து வையுங்கள்.

கயிறு கட்டி இழுப்பது, ஆபத்தான இடத்திலிருந்து பக்கத்துப் பாதுகாப்பான இடம் வரைக்கும்தான். அதுவும் சரக்கை இறக்கிய பிறகு, இழுக்கும் வண்டி பெரியதாக இருந்தால். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது விதி. பின் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் கல்லாகக் கனக்கும் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மலைப்பாதையில் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுவதே உத்தமம். அந்தச் செலவு பெரிதாகத் தெரிந்தால் என் பேரேட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்னும் வழியிலும்

மலைக்குப் போகும் வண்டிக்கு, அதிகாலையில் எஞ்சின் ஆறி இருக்கும்போதே கூலன்ட் அளவைப் பார்க்க வேண்டும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஹோஸ் குழாய் வெடித்திருக்கிறதா, எஞ்சின் ஆயில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ரேடியேட்டர் இடுக்குகளில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முன்பக்கம் பேனர், சாக்கு, தார்ப்பாய் எதையும் தொங்கவிட்டுக் காற்றை மறைக்கக் கூடாது. சீசன் மாதங்களில் விடிவதற்கு முன்பே புறப்பட்டால் காற்றும் குளிர்ச்சி, நெரிசலும் குறைவு. நாம் பத்து மணிக்குக் கடை திறந்து பதினோரு மணிக்கு லோடு ஏற்றி அனுப்பினால், உச்சி வெயிலில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே அது மாட்டிக்கொள்ளும். முந்தின நாள் இரவே ஏற்றி வைப்பது நம் கையில் இருக்கிறது.

வழியில் முள் ஏற ஆரம்பித்தால், ஏ.சி. இருந்தால் உடனே அணைக்க வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியில் அதை முழுவதும் திறந்துவிட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இறங்கும். உட்கார்ந்திருப்பவருக்கு வேர்க்கும், எஞ்சின் பிழைக்கும். அப்படியும் இறங்காவிட்டால் வளைவு இல்லாத, அகலமான இடத்தில் ஓரம் கட்ட வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஆவி வராவிட்டால் இரண்டு மூன்று நிமிடம் எஞ்சினை ஐடிலில் ஓடவிடலாம், தண்ணீர் சுற்றிச் சூடு இறங்கும். ஆவி வந்தாலோ, தண்ணீர் ஒழுகினாலோ, முள் இறங்காவிட்டாலோ உடனே அணைத்துவிட வேண்டும்.

அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரம் மூடியைத் தொடவே கூடாது. அவசரப்பட்டுச் சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். கிளம்பும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லை மறக்காமல் எடுத்து ஓரமாகப் போட வேண்டும். நம் வண்டிக்கு வைத்த கல், இரவில் வருகிற ஒரு மோட்டார் சைக்கிள்காரருக்கு எமனாகக் கூடாது.

இறங்கும்போதும் இதே கதைதான், சூடு எஞ்சினிலிருந்து பிரேக்குக்கு மாறும், அவ்வளவே. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். காய்கறி லோடு அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். ஏற்றத்தில் ஓவர்லோடு பணத்தைத்தான் தின்னும். இறக்கத்தில் ஆளையே தின்னும்.

கட்டுப்படி ஆகுமா?

"எல்லாம் சரி, இரண்டு நடை போனால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அரிசியிலும் சர்க்கரையிலும் நமக்குக் கிடைப்பது கிலோவுக்குச் சில்லறைக் காசு. டீசல் விற்கிற விலையில் வாடகையை ஏற்றினால் மலைக் கடைக்காரர் அடுத்த மண்டிக்குப் போய்விடுவார். எதிர்க்கடைக்காரர் ஒன்றரை டன் ஏற்றி அனுப்பும்போது நான் மட்டும் 600 கிலோ அனுப்பினால் நான்தான் ஏமாளி. இந்தப் போட்டியை ஒருவர் மட்டும் நிறுத்த முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இதைச் சங்க இதழில் எழுதுகிறேன்.

சட்டமும் இப்போது முன்போல் இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு அதிகப்படி டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். இறக்காமல் வண்டி நகரக் கூடாது. முன்பு அது 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஓட்டுகிறவர் மட்டும் குற்றவாளி அல்ல, ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிக்கிறவரும் குற்றவாளி என்று சட்டம் சொல்கிறது. "ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று சொன்னேனே, அந்த இடத்தில் சட்டப்படி நானும்தான் நிற்கிறேன். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் லோடு எவ்வளவு என்பதைத்தான்.

சங்கத்தின் முன் என் வேண்டுகோள்

முதலாவதாக, நம் பில்லில் விலை எழுதுகிறோம், மொத்த எடை எழுதும் வழக்கம் நம்மில் பலரிடம் இல்லை. கடைசி வரியில் மொத்த எடை இத்தனை கிலோ என்று எழுதுவதை எல்லோரும் பழக்கமாக்க வேண்டும். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இரண்டு எடையையும் கழித்து, ஏற்றக்கூடிய அளவைத் தொட்டியின் கதவிலேயே பெயின்டில் எழுதிவிடலாம். பில்லையும் கதவையும் பார்த்தால் லோடுமேனுக்கே தெரியும். சந்தேகம் இருந்தால் எடை மேடையில் ஒரு சீட்டு வாங்குவது பெரிய செலவு இல்லை.

இரண்டாவதாக, வாடகையை நடைக் கணக்கில் பேசாமல் எடைக் கணக்கில் பேசுவோம். நடைக் கணக்கு இருக்கும் வரை ஏற்றுகிறவருக்கு இன்னும் ஒரு மூட்டை என்ற ஆசை போகாது.

மூன்றாவதாக, ஒரே ஊருக்குச் சரக்கு அனுப்பும் நான்கு கடைகள் சேர்ந்து வாரம் இரண்டு நாள் ஒரு பெரிய வண்டியை வைத்துக்கொள்ளலாம். தனித்தனியே நான்கு சின்ன வண்டிகளைத் திணறடிப்பதை விட அது மலிவாகவே வரும். நானும் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் ஆறு வருடமாக இப்படித்தான் கோத்தகிரிக்கு அனுப்புகிறோம். ஆரம்பத்தில் யார் சரக்கு முதலில் இறங்குவது என்று சின்னச் சின்ன மனஸ்தாபம் வந்தது. இப்போது பழகிவிட்டது.

நான்காவதுதான் முக்கியம். லோடு அதிகம் என்று டிரைவர் சொன்னால் அந்த வார்த்தையோடு ஏற்றுவதை நிறுத்த வேண்டும். அவர் சோம்பேறித்தனத்தில் சொல்கிறார் என்று நினைக்கக் கூடாது. வண்டியில் உட்கார்ந்து போகிறவர் அவர். நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். அப்படிச் சொன்னதற்காக எந்த டிரைவரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை என்று நம் சங்கம் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அச்சு முறியும் வண்டியைப் பற்றி வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருப்பது நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஏற்றியது மயிலிறகுதான். அதற்கே அந்தக் கதி. நாம் ஏற்றுவது அரிசி மூட்டை.

அந்தப் பையன் கை ஆறி வந்த பிறகு இரண்டு வருடம் என்னிடமே இருந்தான். பிறகு கடன் வாங்கிச் சொந்த வண்டி போட்டான். இன்றைக்கு இரண்டு வண்டி ஓட்டுகிறான். என் சரக்கையும் ஏற்றுகிறான். சென்ற மாதம் ஒரு நாள், கோத்தகிரி லோடு ஏறிக்கொண்டிருந்தது. பழைய பழக்கத்தில், "இன்னொரு நாலு பை போடு" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் தொட்டிக் கதவை இழுத்துக் கொக்கி மாட்டினான்.

"இத்தோட போதுங்கண்ணா. அந்த நாலு பைய நாளைக்கு எடுத்துக்கறனுங்க" என்றான்.

நானும் சரி என்று சொல்லிவிட்டு அந்த நாலு பையைக் கிடங்குக்குள் திருப்பி வைக்கச் சொன்னேன். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அவை போய்ச் சேர்ந்தன. கோத்தகிரிக்காரர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.